இரட்டைக் கைப்பிடி

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் மூன்று கேள்வி. உன் முதுகு வலி தேவலையா? உன் வீட்டுக்காரிக்கு அந்த வறட்டு இருமல் நின்றதா? குட்டி அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா? மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். இங்கே நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம்.

போனை விட்டுவிட்டு அக்கா ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். உன் பட்டறைக்குப் போன் போட்டால் நீ பேசுவது பாதி, கிரைண்டர் பேசுவது பாதி. எல்லாவற்றுக்கும் "ஆங், சரிக்கா" என்பாய், பிறகு மறந்துபோவாய். இது அளவு எழுதி, படம் போட்டுக் கேட்க வேண்டிய சமாச்சாரம்.

விறகு பிளக்க ஒரு மெஷின் நாமே செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். நம் ரொட்டிக் கடை அடுப்பு எவ்வளவு விறகு தின்னும் என்று உனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் உன் அத்தான் கோடாலியாலேயே பிளந்து போட்டார். இனிமேல் முடியாது, வயசாகிறது. தெருமுனை வெல்டரிடம் பழைய இரும்பு உத்தரம் ஒன்று கிடக்கிறது, சட்டம் அவர் அடித்துத் தருவார். கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் மாட்டியபோது கழற்றிப் போட்ட பெட்ரோல் எஞ்சின் கொல்லையில் சும்மாதான் இருக்கிறது. பம்ப், சிலிண்டர், வால்வு, ஹோஸ் இதெல்லாம் எதை வாங்குவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஊரிலுள்ள கிரேன்களுக்கெல்லாம் ஹைட்ராலிக் வைத்தியம் பார்க்கிறவன் என் கூடப் பிறந்திருக்கும்போது நான் ஏன் கடைக்காரனிடம் போய் நிற்க வேண்டும்?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வேகம் வேண்டாம். கையை எடுத்தால் மெஷின் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். முடிந்தால் இரண்டு கையும் வைத்தால்தான் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு வலி குனிந்தால் மட்டும் இருக்கிறது, அதனால் மரியாதையைக் குறைத்துக்கொண்டேன். இருமல் நின்றுவிட்டது. குட்டி அழாமல் போகிறாள், திரும்பி வரும்போது அழுகிறாள், அங்கேயே இருக்க வேண்டுமாம். நீங்கள் இருவரும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம்.

உன் கடிதத்தை முதலாளிக்கும் படித்துக் காட்டினேன். "ஒங்க அக்கா ரொட்டி சுடறாங்களா, கப்பல் கட்டறாங்களா?" என்று கேட்டார். அத்தான் கோடாலியைக் கீழே வைக்கிறார் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. என் கல்யாணத்தன்று காலையில்கூட விறகைப் பிளந்துவிட்டு, தலைமுடியில் மரச்சிராயோடு வந்து நின்ற மனுஷன் அவர்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். பம்ப் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சிலிண்டருக்குள் இருக்கும் தண்டைத் தள்ளும், தண்டின் நுனியில் ஆப்பு. அவ்வளவுதான் மெஷின். சிலிண்டர் அகலமானால் பலம் கூடும், ஆனால் அதை நிரப்ப நிறைய எண்ணெய் வேண்டும், ஆகவே மெதுவாகப் போகும். ஒடுக்கமானால் வேகம் கூடும், பலம் குறையும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. நான்கு அங்குல சிலிண்டர் பதினான்கு டன் அளவுக்கு அழுத்தும், ஐந்து அங்குலம் இருபத்திரண்டு டன் வரை போகும். உங்கள் விறகுக்கு நான்கு தாராளம்.

பம்பில் இரண்டு நிலை உள்ளதாக வாங்க வேண்டும். கட்டையைத் தொடும் வரை நிறைய எண்ணெயை வேகமாகத் தள்ளும், கட்டை முரண்டு பிடித்தால் தானாகவே மாறி, கொஞ்சம் எண்ணெயைப் பலமாகத் தள்ளும். உன் பழைய எஞ்சினுக்கு அதுதான் தோது.

வால்வு விஷயத்தில் நீ சொல்வது புரியவில்லை. இரண்டு கையும் எதற்கு? கட்டைகளின் நீளம், கனம் எழுது. அத்தானுக்கு என் வணக்கம். "மாப்பிள்ளை, அடுத்து மாவு பிசையவும் மெஷின் கேட்பாளாம்" என்று அவர் சொல்வது இங்கே வரை கேட்கிறது.

அன்புத் தம்பி

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

குட்டி விஷயம் படித்துச் சிரித்தேன். உன் கடிதத்தை உரக்கப் படித்தேன், உன் அத்தான் கையில் மாவு, அதனால் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். மாவு பிசையும் மெஷின் என்றதும், "அதையும் அவனே செஞ்சு தரட்டும், நான் கல்லாவுல ஒக்காந்து சாமி மாதிரி ஆசீர்வாதம் பண்றேன்" என்றார். இருவரும் சுகம். இங்கே பனி அதிகம், புளித்த மாவு பொங்க மாட்டேன் என்கிறது.

கட்டை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம். கனமானது என்றால் நான் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தால் விரல் தொடாது. முடிச்சு நிறைந்த மரம். நீ என்ன சொன்னாலும் எனக்கு ஐந்து அங்குலமே வேண்டும். மெதுவாகப் போகட்டும், எந்த ரயிலைப் பிடிக்கப் போகிறோம்?

இன்னும் சில சந்தேகம். அந்தப் பம்ப் முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது சத்தம் மாறுமா? பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்படி மாறுமா? கைப்பிடி இடுப்பு உயரத்தில் வருமா? முன்னே, நடு, பின்னே என்று அது இருக்கும் நிலை கைக்குத் தெரியுமா, இல்லை பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஆப்பு முழுதாகப் பின்னால் வந்துவிட்டால் 'டக்'கென்று ஏதாவது சொல்லுமா?

சும்மாதான் கேட்கிறேன். காசு போட்டுச் செய்கிறபோது எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

வெல்டர் உத்தரத்தை வெட்டி வைத்துவிட்டார். தினமும் வந்து, "தம்பிகிட்டேருந்து சாமான் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு ஒரு பன் தின்றுவிட்டுப் போகிறார். சீக்கிரம் அனுப்பு, கடை தாங்காது.

அன்புடன்,
அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே பனி விட்டு மாவு பொங்க ஆரம்பித்திருக்கும் என்று நம்புகிறேன்.

பார்சல் இந்தக் கடிதத்தோடு வரும். பிரிக்கும் முன் என்னைத் திட்டாதே, பிரித்த பிறகும் திட்ட மாட்டாய். யாரோ ஒரு வாடிக்கையாளர் கேட்டுவிட்டு வாங்காமல் போன வால்வு ஒன்று கிடைத்தது. புத்தம் புதிது. கைப்பிடியை ஒரு தட்டு தட்டினால் போதும், ஆப்பு தானே போய்க் கட்டையைப் பிளந்துவிட்டுத் தானே திரும்பி வந்து நிற்கும். இந்த மாதிரி வால்வுக்கு எங்கள் பட்டறையில் ஆட்கள் காத்துக்கிடக்கிறார்கள். அத்தான் ஒரு கையில் டீ குடித்துக்கொண்டே விறகு பிளக்கலாம். நீ கேட்டது கிழவர்களுக்கான மெஷின். அத்தானைக் கிழவராக்க எனக்கு மனசு வரவில்லை. சிலிண்டரும் நான்கு அங்குலம்தான் வைத்திருக்கிறேன்.

வெல்டருக்கு இரண்டு விஷயம் சொல். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ் தடிமனானது, அதைச் சிக்கனம் பண்ணி ஒடுக்கக் கூடாது. ஒடுக்கினால் பம்புக்கு மூச்சுத் திணறும். திரும்பி வரும் எண்ணெய் ஃபில்டர் வழியாகத்தான் டேங்குக்குள் போக வேண்டும். படம் போட்டிருக்கிறேன்.

உன் கேள்விகளுக்குப் பதில்: சத்தம் மாறும், நன்றாகவே மாறும். எஞ்சின் குரல் ஒரு படி இறங்கி உறுமும். மற்றபடி எல்லாம் கண் முன்னாலேயே நடக்கும், பார்த்தாலே தெரியும்.

ஓட்டிப் பார்த்துவிட்டு எழுது.

அன்புத் தம்பி

மே 19

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் எழுது.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் எழுதக் கைவேலை விடவில்லை. சாமான்கள் எல்லாம் சேதமில்லாமல் வந்தன. வெல்டர் நீ போட்ட படத்தின்படியே மாட்டிக் கொடுத்தார். மெஷின் நன்றாக ஓடுகிறது. நல்ல வேகம்.

இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். விறகைப் பிளந்தே வாங்கிக்கொள்கிறோம். மழை வரும்போல இருக்கிறது, துணி எடுக்க வேண்டும்.

அக்கா

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ மூன்று கேள்வி கேட்கவில்லை. குட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று எழுதாமல் நீ எனக்குக் கடிதம் முடித்தது இதுதான் முதல் தடவை. கையெழுத்து உன்னுடையதுதான், ஆனால் எழுதியது யாரோ மாதிரி இருந்தது. நன்றாக ஓடுகிற மெஷினை யார் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள்?

பட்டறையில் வேலை ஓடவில்லை. பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பப் படித்தேன். கையை எடுத்தால் நிற்க வேண்டும் என்றாய். வேகம் வேண்டாம் என்றாய். சத்தம் மாறுமா, கைப்பிடியின் நிலை கைக்குத் தெரியுமா, ஆப்பு திரும்பியதும் குரல் கொடுக்குமா என்று கேட்டாய். நானோ பார்த்தாலே தெரியும் என்று எழுதியிருக்கிறேன்.

என் கடிதங்களை நீதான் அவருக்குப் படித்துக் காட்டுகிறாய். போன வருஷம் நாங்கள் அங்கே வந்திருந்தபோது குட்டி நீட்டிய பொம்மையை அவர் வாங்காமல் நின்றார். விளையாட்டுக் காட்டுகிறார் என்று எல்லோரும் சிரித்தோம்.

அக்கா, அத்தான் கண்ணுக்கு என்ன? மறைக்காமல் எழுது. என்ன நடந்தது என்றும் எழுது. இங்கே அனைவரும் சுகம், அதை விடு.

அன்புத் தம்பி

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அவருக்கும் படித்துவிட்டேன். பிறகு, "கண்டுபிடிச்சிட்டானா? சரி, எழுது" என்றார். அதனால் அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கண்ணுக்குள் நரம்பு பட்டுக்கொண்டே வருகிறதாம். மூன்று டாக்டரிடம் காட்டினோம், மூவரும் ஒரே மாதிரி தோளைத் தட்டி அனுப்பினார்கள். வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சத்துக்கு எதிரே ஆள் நின்றால் நிழல் மாதிரித் தெரியும். அவ்வளவுதான். தினமும் காலையில் "நிழல் இருக்கா?" என்று கேட்பேன், "இருக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் எனக்கு அடுப்பைப் பற்ற வைக்கக் கை வரும்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னைக் கட்டிப் போட்டிருந்தார். "ஒன் தம்பி வண்டிய எடுத்துக்கிட்டு வந்து, கடையைப் பூட்டி, நம்மள மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போயிடுவான்" என்றார். நீ அப்படிச் செய்யக்கூடியவன்தான்.

அடுப்பு வேலையை முதலில் விட்டார், முழங்கை வெந்த பிறகு. கல்லாவில் சில்லறை தப்பாகக் கொடுத்து, ஒருத்தர் முகத்துக்கு நேரே சிரித்த பிறகு அதையும் விட்டார். மாவில் ஒரு கை வைப்பார், ஆனால் அவர் இல்லாவிட்டாலும் நான் பிசைந்துவிடுவேன். விறகு ஒன்றுதான் அவருடைய வேலையாக மிஞ்சியது. கோடாலி தடவைக்குத் தடவை காலுக்குப் பக்கத்தில் விழுவதை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அதனால்தான் மெஷின் கேட்டேன்.

நீ அனுப்பிய வால்வை மாட்டி இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓட்டினார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். பிளப்பதற்கு முன் கட்டையின் முகத்தை ஒரு தடவை தடவி, விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பார். கண் நன்றாக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். அன்றைக்குக் கைப்பிடியைத் தட்டிவிட்டு, கட்டை கோணலாக இருக்கிறதோ என்று தடவப் போய்விட்டார். ஆப்பு அதுபாட்டுக்கு வந்தது. கையை உருவிக்கொண்டார், கையுறை உள்ளேயே நின்றுவிட்டது. அதன் நடுவிரல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அவர் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றோடு கொல்லையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். காலையில் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிடும்வரை அங்கேயே இருக்கிறார். திட்டினால்கூடத் திருப்பித் திட்டுவதில்லை. தம்பி, அவர் கண் போனதைத் தாங்கிக்கொண்டேன். அந்த நாற்காலியைத் தாங்க முடியவில்லை. விறகு வேலையை அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்.

உன் முதுகு எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

முதுகு நன்றாக இருக்கிறது. மனசுதான் சரியில்லை. நீ கேட்டது ஒன்று, நான் அனுப்பியது என் கெட்டிக்காரத்தனம். அந்தக் கையுறையை நினைத்தால் சோறு இறங்கவில்லை. வண்டி எடுத்துக்கொண்டு வர மாட்டேன், பயப்பட வேண்டாம். வந்தாலும் யாரையும் மூட்டை கட்ட மாட்டேன்.

முடியும் என்றுதான் நினைக்கிறேன். நீ முதலில் கேட்ட மாதிரியே செய்கிறேன். இரண்டாவது பார்சலில் ஐந்து அங்குல சிலிண்டரும் இரட்டைக் கைப்பிடி வால்வும் வரும். கைப்பிடிகள் இரண்டும் தோள் அகலத்துக்குத் தள்ளி, இடுப்பு உயரத்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஆப்பு முன்னே போகும். இரண்டையும் தூக்கினால் பின்னே வரும். எதையாவது ஒன்றை விட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். ஆப்பு முழுதும் பின்னால் வந்ததும் உத்தரத்தில் மோதி ஓசை தரும்படி ஓர் இரும்புத் துண்டு வைத்திருக்கிறேன். அத்தான் கட்டையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தடவிப் பார்க்கட்டும், அவர் கை கட்டைமேல் இருக்கும்போது மெஷினால் நகர முடியாது. பழைய வால்வைத் திருப்பி அனுப்பிவிடு.

இனி உனக்கு, அக்கா. இதைப் படிக்கும்போது நீ கோபப்படுவாய். கட்டையை எடுத்து வைத்து உதவி செய்ய நீ பக்கத்தில் நிற்கலாம் என்று நினைத்திருப்பாய். கூடாது. அத்தானின் இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும், அதனால் அவருடைய கைக்கு ஆபத்து இல்லை. ஆபத்து இரண்டாவது ஆளின் கைக்கு. எங்கள் பட்டறைக்கு வரும் விபத்துக் கதைகளில் பாதி, ஒருவர் வைக்க ஒருவர் இயக்கியது. வைப்பதும் அவரே, இயக்குவதும் அவரே. மெஷினைச் சுற்றி மார்பு உயரத்துக்கு வெல்டரிடம் கம்பி வேலி போடச் சொல். நுழைய ஒரே வழி, அது அத்தானின் இடது கைப் பக்கம் இருக்கட்டும். யாராவது உள்ளே வந்தால் அந்தக் கண்ணுக்கு நிழல் தெரியும், உடனே கையை எடுத்துவிடுவார். இந்த ஏற்பாடு முழுக்க அந்த நிழலை நம்பித்தான் இருக்கிறது.

குட்டி அத்தானுக்கு ஒரு முத்தம் அனுப்பியிருக்கிறாள். தாளின் மூலையில் எண்ணெய்க் கறை மாதிரி இருப்பது அதுதான்.

அன்புத் தம்பி

ஜூலை 14

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். மாவு வழிக்கும் தகட்டைத் தாளில் வைத்து, வரிக்கு வரி நகர்த்தி எழுதுகிறேன். உன் அக்கா கடையில் இருக்கிறாள். மாவு மூட்டை இறக்க வந்த வண்டிக்காரர் விலாசம் எழுதித் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். நீயும் வீட்டில் உள்ளவர்களும் சௌக்கியம்தானே? குட்டியின் முத்தம் கிடைத்தது. கொஞ்சம் கிரீஸ் வாசனை அடித்தது.

பார்சல் வந்துவிட்டது. வெல்டர் மாட்டிவிட்டார், வேலியும் போட்டுவிட்டார். இன்னும் எஞ்சினைக் கிளப்பவில்லை. தோள் வலி என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். நிழல் இல்லை. கோடை ஆரம்பத்திலேயே போய்விட்டது. உன் அக்கா காலையில் கேட்பாள், நான் இருக்கு என்பேன். அவள் குரலில் ஒரு மூச்சு இறங்கும். அதைக் கேட்பதற்காகவே சொல்லிவந்தேன். இல்லை என்று ஒரு நாள் சொல்ல வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், காலையானால் வாய் வருவதில்லை.

எனக்கு விறகு பிளக்க வேண்டும், மாப்பிள்ளை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து நான் வீட்டுச் சாமான் ஆகிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வேலிக்குள் அவள் வந்தால் எனக்குத் தெரியாது. வராதே என்றால் கேட்கிறவளா அவள்? கட்டை உருண்டால் ஓடி வந்து கை வைப்பாள். என் கைக்காக நான் பயப்படவில்லை.

நிழலும் இல்லாத ஒருவன் இதை ஓட்டலாமா? நீ இதற்கு வெளிப்படையாகப் பதில் எழுத முடியாது, உன் கடிதத்தை அவள்தானே எனக்குப் படிப்பாள். அதனால் ஃபில்டரைப் பற்றி ஒரு வரி எழுது. ஃபில்டரை மாற்ற வேண்டாம் என்று வந்தால் ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். மாற்றிவிடு என்று வந்தால், தோள் வலி நிரந்தரமாகிவிட்டது என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறேன். எனக்காக இரக்கப்பட்டு எதையும் எழுதிவிடாதே. அது உன் அக்காவின் கை.

உன் அத்தான்

ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இங்கே நாங்கள் சுகம். அத்தானின் தோள் வலி இந்தக் கடிதம் வருவதற்குள் குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் செய்த ஏற்பாட்டில் ஒரு குறை இருப்பது இப்போதுதான் மண்டையில் உறைத்தது. யாராவது உள்ளே வந்தால் அத்தான் பார்த்துக் கையை எடுப்பார் என்று எழுதியிருந்தேன். அது மடத்தனம். முழுக் கண் உள்ளவனே வேலை மும்முரத்தில் பக்கத்தில் வருகிறவனைக் கவனிக்க மாட்டான். மனுஷன் கவனிப்பதை நம்பி மெஷின் வைக்கக் கூடாது.

ஆகவே வேலியின் வழிக்கு ஒரு கதவு போடுங்கள். இத்துடன் ஒரு சின்ன ஸ்விட்ச் அனுப்புகிறேன். அதைக் கதவின் தாழ்ப்பாளில் பொருத்தி, எஞ்சினை அணைக்கும் ஒயரை அதோடு இணைக்க வேண்டும். தாழ்ப்பாள் போட்டிருந்தால்தான் எஞ்சின் ஓடும். கதவைத் திறந்தால் எஞ்சின் அணைந்துவிடும், ஆப்பு அப்படியே நிற்கும். அக்கா, நீ எவ்வளவு அவசரமாக ஓடி வந்தாலும் உனக்கு முன்னால் மெஷின் நின்றிருக்கும். வேலியைத் தாண்டிக் கை நீட்டினாலும் எட்டாத அளவு தள்ளிப் போட்டிருக்கிறதா என்று வெல்டரை அளக்கச் சொல். கதவு மாட்டும்வரை யாரும் எஞ்சினைத் தொட வேண்டாம்.

இதே மாதிரி ஒன்றை இங்கே பட்டறையில் சேர்த்து, நானே கதவுக்குள் நின்று ஒரு குவியல் கட்டையைப் பிளந்து பார்த்தேன். கட்டையைப் பார்க்கவே இல்லை, கையாலும் காதாலும் மட்டும் வேலை செய்தேன். முதலாளி வெளியிலிருந்து இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்தார். இரண்டு தடவையும் நின்றது. அதன் பிறகுதான் இதை எழுதுகிறேன். யாருக்காகவும் இரக்கப்பட்டு எழுதவில்லை.

கதவு மாட்டியதும் தாராளமாக ஓட்டலாம். ஃபில்டரை மாற்ற வேண்டாம்.

அன்புத் தம்பி

செப்டம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் முதுகு வலி தேவலையா? வீட்டுக்காரி சுகமா? குட்டி பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரச் சம்மதிக்கிறாளா? மூன்றுக்கும் பதில் எழுது. இங்கே இருவரும் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே சுகம்.

உன் கடிதத்தைப் படித்தபோது நல்ல வேடிக்கை. கதவு, ஸ்விட்ச் என்று படிக்கும்வரை உன் அத்தான் மூச்சுகூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபில்டரை மாற்ற வேண்டாம் என்று படித்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். "ஃபில்டர்ல என்ன சிரிப்பு?" என்றேன். "ஒன்னுமில்ல, தோள் வலி விட்டுப்போச்சு" என்றார். மாமனும் மச்சானும் என்னமோ பேசி வைத்திருக்கிறீர்கள். நான் கேட்கப்போவதில்லை.

இப்போது தினமும் காலையில் விறகு வேலை நடக்கிறது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுவார். கட்டையை உருட்டி வைத்து, அதன் முகத்தைப் பழையபடி தடவுவார். பிறகு இரண்டு கையும் கைப்பிடிக்குப் போகும். எஞ்சின் குரல் இறங்கும்போது, "கடிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். மெதுவாகத்தான் போகிறது. பிளந்ததைக் காலால் ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பார். நாற்காலியில் இப்போது வெல்டர் உட்கார்ந்து பன் தின்கிறார்.

நான் வேலிக்கு வெளியே நிற்கிறேன். முதல் வாரம் உன்னைத் திட்டாத நாள் இல்லை. கட்டிய புருஷன் தடுமாறித் தடுமாறிக் கட்டை தூக்குவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒருநாள் பொறுக்காமல் தாழ்ப்பாளில் கை வைத்தேன், திறக்கக்கூட இல்லை. அந்தச் சத்தத்திலும், "தெறக்காதே, இது கடைசிக் கட்டை" என்றார். எனக்குச் சுருக்கென்றது, சந்தோஷமாகவும் இருந்தது. குவியலில் இன்னும் அத்தனை கட்டை கிடந்தது.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இதைப் பற்றி நீ பதில் எழுதாதே, நான்தான் படிப்பேன் என்றாலும் என் குரல் காட்டிக் கொடுத்துவிடும். போன வாரம் ஒருநாள் காலையில், ஜன்னலை அடைத்துக்கொண்டு அவருக்கு நேரே நின்றேன். பேச்சுக் கொடுக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு பனியனை மாட்டினார். நான் சத்தமில்லாமல் நகர்ந்து வாசலுக்குப் போய், அங்கேயிருந்து எப்போதும் போல "நிழல் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கு, இன்னைக்கு நல்லாவே தெரியுது" என்றார். சரி என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தேன். அழுதேன்தான், ஆனால் அடுப்புப் புகையில் அது ஒரு பெரிய விஷயமில்லை.

கேட்பதை நிறுத்தினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் நாளைக்கும் கேட்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா